காப்புக் கட்டிய தோட்டத்தில்

இறைச்சியை விடுவது எனக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. மாசிக் கருவாட்டை விடுவதுதான் பாடாக இருந்தது. உயிரைக் கொன்று உண்பதில்லை என்ற எண்ணம் மனதில் மெல்லத் திரண்டு உறுதிப்பட்டதும் ஆட்டையும் கோழியையும் அன்றே ஒதுக்கிவிட்டேன். கொழும்புச் சாப்பாட்டில் மீன் எங்கெங்கே இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போட்ட மாசி. சீனிச் சம்பலிலும் மாசி. சுண்டலில் கூனி இறால். பருப்பைத் தாளிக்கும்போது ஒரு பிடி நெத்தலி. மதியத்துக்கு மரக்கறிச் சோறு கேட்டால், பார்சலில் மீன் துண்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக வரும், வேறெதுவும் கூடியிருக்காது. நாலு மணிக்கெல்லாம் பசி வந்துவிடும். புதிதாக மாறுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தளர்ந்துபோகிறார்கள்.

நானும் அப்படித் தளர்ந்திருந்த நேரத்தில், வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து கொழும்பில் என்னோடு வேலை செய்யும் தோழி ஊரிலிருந்து பேசினாள். "அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு. நீ கிளம்பி வா. மஞ்சத்தண்ணி ஊத்துற வரைக்கும் இங்க ஒரு வீட்டுலயும் கவிச்சி கிடையாது."

கோட்டையிலிருந்து காலை ரயில். ரம்புக்கனை தாண்டி வண்டி மலையேறத் தொடங்கும்போது கூடைக்காரர்களும் ஏறிவிட்டார்கள். இறால் வடை முதலில் வந்தது. அதன் வாசனை பெட்டி முழுவதும் நிறைந்தது. அதற்குப் பின்னால், தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை, காகிதச் சுருளில். வயிற்றை நிறைத்தது கடலைதான். நாவலப்பிட்டியில் இறங்கி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். வட்டவளை நெருங்க நெருங்கக் கண்ணாடியில் நீர் வழிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து முட்டும் சரிவுகள் இவை. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும், இலங்கையிலேயே மிக ஈரமான ஊர்களில் ஒன்று. விறகு காயாது, துணி காயாது. அந்த ஈரத்தில்தான் தேயிலை தளிர்க்கிறது.

தோழியின் வீடு பழைய லயத்தின் கடைசிக் காம்பரா. இஸ்தோப்பில் வேப்பிலை கட்டியிருந்தது. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் போஞ்சி, கோவா, சௌசௌப் பந்தல், ஓடையோரம் சேம்பு. சமையல் சட்டிகளைச் சாம்பல் போட்டுத் துலக்கி, மீன் சமைத்த சட்டியைத் தனியே கவிழ்த்து வைத்திருந்தார் தோழியின் அம்மா. காப்புக் கட்டியவர்கள் மட்டும் விரதம் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கரகம் எடுக்கிறவர், பாற்குடம் தூக்குகிறவர், காவடிக்கு நேர்ந்தவர் ஆகியோருக்குக் கடுமையான நோன்பு. மற்றவர்களுக்குக் கவிச்சி இல்லாத சமையல். தப்பு அடிக்கும் சத்தம் கேட்கும் தூரம் வரை எல்லா அடுப்பிலும் அதுவே. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும்போது வேடம் கட்டுகிறவர்கள் இருக்கும் நோன்பு, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களின் நோன்பு, கந்த சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று வருடம் முழுவதும் இதற்குப் பழக்கம் இருக்கிறது. கொழும்பில் நான் மட்டும் சம்பலைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த வீட்டுத் திண்ணையில் சாப்பிட உட்கார்ந்தபோது உணர்ந்தேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். இளம் பலாக்காயைத் தடித்த துண்டுகளாக வெட்டி, வறுத்த தூளும் புளியும் போட்டு, மண்சட்டியில் மூடி, தணலில் நெடுநேரம் விட்டிருந்தார் அம்மா. தேங்காய்ப்பால் சுண்டி எண்ணெய் கக்கும்வரை இறக்கவில்லை. துண்டு நார்நாராகப் பிரிந்தது. கடித்தால் எதிர்த்து நின்றது. மைசூர்ப் பருப்பு, பூண்டு தட்டிப் போட்டு, தண்ணியாக இல்லாமல் கெட்டியாக. பொன்னாங்காணி வறை. பலாக்கொட்டை வறுவல். சம்பலுக்கு மாசி இல்லாத குறையை அவர் தீர்த்த விதம் என்னை அசர வைத்தது: செத்தல் மிளகாயைத் தணலில் சுட்டு, தேங்காய்ச் சில்லையும் விளிம்பு கருகும்வரை சுட்டு, சின்ன வெங்காயத்தோடு அம்மியில் வைத்து அரைத்து, தேசிக்காய் பிழிந்தார். மாசி தந்த அந்தப் புகை மணம் தணலிலிருந்தே வந்துவிட்டது. நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, "சாதாரண நாள்லயும் மாசியக் கடைசியிலதான புள்ள போடுவோம். அதுக்கு முன்னாடி உன் பங்கை எடுத்து வச்சுக்க வேண்டியதுதான்" என்றார். கொழும்பில் எவருமே எனக்குச் சொல்லாத வழி.

விடியலில் கோதுமை மாவில் தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்து, கல்லில் தடிப்பாகச் சுட்ட ரொட்டி. சாதாரண நாளில் இதற்குத் துணை கட்டச்சம்பல் மட்டும்தானாம். திருவிழா வாரத்தில் அவித்த கௌப்பியும் இருந்தது, கடலைக் குழம்பும் இருந்தது. இதைத்தான் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். மீனை நிறுத்திய வாரத்தில் அந்த வீட்டில் தட்டு சுருங்கவில்லை, நிறைந்திருந்தது. பயறு, பருப்பு, கடலை, கொட்டை என்று ஒவ்வொரு வேளையும் ஏதோ ஒன்று கூடியது. நான் கழித்துக்கொண்டே போனேன். அவர்கள் மீன் இருந்த இடத்தில் வேறொன்றைக் கூட்டினார்கள். தொடங்குகிறவர் கற்க வேண்டியதில் பாதி அதுவே என்று இன்றும் நம்புகிறேன்.

கருவாடும் நெத்தலியும் மலையகத்துச் சமையலில் இவ்வளவு ஆழமாக வேரோடியதற்கு ருசி மட்டும் காரணமில்லை. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைக்காகவும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. கறிக்கு என்று எதையும் தேடிப்போக அவர்களுக்கு நேரமும் இல்லை, நிலமும் இல்லை. கெடாமல் கிடக்கும், ஒரு துண்டு போட்டால் ஒரு சட்டிச் சோறு இறங்கும் என்பதால் கருவாடு அந்த வீடுகளுக்குள் வந்தது. பிறகு 1973, 74 ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. மரவள்ளிக்கிழங்கையும் காட்டுக்கீரையையும் அவித்துத் தின்று பிழைத்த கதையைத் தோழியின் பாட்டி இன்னும் குரல் தாழாமல் சொல்கிறார். அவர் தட்டிலிருக்கும் ஒரு துண்டுக் கருவாட்டைப் பார்த்து, அகிம்சை பேச எனக்கு வாய் வராது.

"திருவிழா முடிஞ்சாலும் நீங்க இப்படியே இருக்கலாமே அம்மா" என்று நான் கேட்டபோது, தோழியின் அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "சாமிக்கு இருக்கையில ஒரு கறி கூட வைப்போம், கடன் வாங்கியாவது. கையில காசு இல்லாத நாள்ல ரொட்டியும் சாயத்தண்ணியும்தான். ரெண்டுமே மரக்கறிதான் புள்ள."

அந்தப் பதிலை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை பல வருடம் போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். நடுவில் 2022இன் நெருக்கடியில் கோதுமை மாவும் பருப்பும் பல மடங்கு விலையேறின. 2016இன் குடித்தொகை சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப்புறத்தில் மட்டும் 31.7 பேர். இந்தப் பிள்ளைகளின் தட்டில் இறைச்சி அநேகமாக இருப்பதில்லை. அதை யாரும் சைவம் என்று புகழ்வதில்லை. நான் விரும்பி விட்டதையும் அவர்களுக்குக் கிட்டாமல் போனதையும் ஒரே பெயரால் அழைப்பது எனக்கு இனி இயலாது. மரக்கறி உணவைப் பற்றி நல்லது பேசுகிறவர்கள் பருப்பு விலையைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராக்களில் காலையில் ஒரு கிண்ணம் அவித்த பயறு கிடைக்க வழி செய்யும்படி கேட்க வேண்டும்.

சாயத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் ரொட்டியோடு, பத்து மணிக்கு மலையில், மதியம் சோற்றுக்குப் பின் என்று தேயிலைச் சாயம் சாப்பாட்டோடு ஒட்டியே இருக்கிறது. மீனும் இறைச்சியும் இல்லாதவருக்கு இரும்புச் சத்து பெரும்பாலும் பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும். இந்தத் தாவர இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. அதோடு தேநீரும் சேர்ந்தால், தேநீரின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடலுக்குச் சேரும் பங்கைப் பாதிக்கும் கீழே கொண்டுபோய்விடக்கூடும். தேசிக்காய், நெல்லி, கொய்யா போன்ற கனிகளின் வைட்டமின் சி அதற்கு நேர்மாறாக இரும்பை உடலில் சேர்க்க உதவும். கர்ப்பிணிகளுக்குக் குடும்பநல மாது இரும்பு மாத்திரை கொடுக்கும்போது "டீயோட முழுங்காதீங்க" என்று எச்சரிப்பது இதனால்தான் என்று தோழியின் அண்ணி சொன்னாள். மாத்திரைக்குப் பொருந்துவது கௌப்பிக்கும் பொருந்தும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட்டால் அந்த இழப்பு குறையும். அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு என் களைப்பு குறைந்தது போலவே உணர்ந்தேன். பி 12 மட்டும் செடிகொடிகளில் கிடைக்காது. பாலும் தயிரும் சேர்க்கிறவருக்கு அதிலிருந்து கிடைக்கும். அதையும் விடுகிறவர் மாத்திரையை நம்பித்தான் ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதே நல்லது.

தேர் ஓடியது. அடுத்த நாள் மஞ்சத்தண்ணி. இளசுகள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றி ஓய்ந்த பிறகு காப்பு அவிழ்த்தார்கள். மத்தியானத்துக்கே பாதி லயத்தில் கோழி கொதித்தது. மலையகத்தில் சாமிகளும் பல விதம். மாரியம்மன் மரக்கறி கேட்கிறாள். தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்குச் சேவல் கொடுப்பார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது கத்தி வழுக்கிக் கையை வெட்டாமல் காக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் பலி உண்டு. இந்த நம்பிக்கைகளுக்கு நடுவே நான் புத்திமதி சொல்லப் போகவில்லை. எந்திரத்தில் கை போன மனிதர்களைப் பார்த்தவர்கள் வைத்த சாமிகள் அவை.

தோழியின் தம்பி அன்றைக்குக் கேட்டான்: "எங்களுக்கு இன்னைக்கு அவிழ்த்தாச்சு அக்கா. உங்க காப்பு எப்ப அவிழ்ப்பாங்க?"

காந்தியைப் பற்றி அவனிடம் சொன்னேன். 1888இல் லண்டனுக்குப் போகுமுன் தாயிடம் கொடுத்த வாக்குக்காகத்தான் அவர் இறைச்சி தொடவில்லை. இறைச்சி உண்பது நல்லது என்றே அப்போது எண்ணியிருந்தார். அங்கே பசியோடு அலைந்து, ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து, வாசலில் விற்ற ஹென்றி சால்ட்டின் சிறு நூலை வாங்கிப் படித்த பிறகே அது அவருடைய சொந்த முடிவாயிற்று. 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து மலைநாட்டுக்கும் போனவர் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "அப்ப முதல்ல நேர்த்தி, பிறகுதான் நெனப்பு" என்றான். எனக்கு நினைப்பு முதலில் வந்தது. அதை நிலைக்க வைக்க ஒரு வாரத் திருவிழா வேண்டியிருந்தது என்றேன்.

அம்மா இரண்டு அடுப்பில் சமைத்தார். கோழிக்குழம்பு ஒன்றில், எனக்கு மற்றொன்றில் பலாக்கொட்டையும் பருப்பும். அகப்பையைக்கூட மாற்றவில்லை என்று நான் நினைத்துவிடக் கூடாதென்று இரண்டு அகப்பைகளையும் தூக்கிக் காட்டினார். அவர் தட்டில் கோழி, என் தட்டில் கொட்டை, நடுவில் ஒரே சம்பல்.

அடுத்த நாள் பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தபோது வாழையிலையில் ரொட்டியும், சின்ன டப்பாவில் அவித்த கௌப்பியும் கட்டிக் கொடுத்தார். "கௌப்பியில தேங்காய்ப்பூப் போட்டிருக்கு, கெட்டுப்போகும், அதை முதல்ல சாப்பிட்டுரு. ரொட்டி கொழும்பு வரைக்கும் தாங்கும்" என்றார். நாவலப்பிட்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் தேநீர்க்காரர் வந்து நின்றார். பேராதனை தாண்டியதும் வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.