வேப்பமரத்தடியில் ஒரு வளைகாப்பு

குமணன்சாவடி மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்களும் பஸ் இரைச்சலும்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒரு வேப்பமரம் பிழைத்திருக்கிறது. சித்திரை மாதம் நாத்தனார் மகளுக்கு அதன் நிழலில்தான் வளைகாப்பு.

அதற்கு முன் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள்! செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூண்கள், ஊறுகாய் ஜாடிகள், எனாமல் தூக்குகள்... பர்ஸ் இடம் கொடுக்க வேண்டாமா? ஓர் உருளி, ஒரு பித்தளை அண்டா, இரண்டு தூக்குகளோடு திரும்பினேன்.

உருளித் தண்ணீரில் சாமந்தி, தூக்குகளில் வேப்பங்கொத்து. "அண்டாவில் நீர்மோர் ஊற்றேன், அழகா இருக்கும்" என்றார் மாமியார். நான் சம்மதிக்கவில்லை, சகோதரிகளே. ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து மோரில் இறங்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலிதான். குடிக்கப் போவதோ கர்ப்பிணியும் குழந்தைகளும்! பழைய எனாமலிலும் காரீயம் இருக்கலாம்; பூ வைக்க மட்டுமே அது.

மோரும் பானகமும் மண்பானையில் குளிர்ந்தன. அண்டாவில் தண்ணீர் நிரப்பி முழு இளநீர்க் காய்களை மிதக்கவிட்டேன். அதில் சமைக்க ஆசைப்பட்டால் முதலில் ஈயம் பூசவேண்டும். சுத்த வெள்ளீயம்தானா, காரீயக் கலப்பு இல்லையே என்று பூசுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.