திருகாணி

தூண்டில் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழும் சித்திரம் எளிமையானது. ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நூல், தக்கைக்கு ஒரு சோளத்தட்டைத் துண்டு, கொட்டாங்கச்சியில் நெளியும் நாலு மண்புழு, வாய்க்கால் மதகின் மேல் ஒரு சிறுவன், அவ்வளவுதான். கிடைப்பது விரல் நீளக் கெண்டை. அதன் பலத்துக்கு அந்த நூலும் முள்ளும் தாராளம்.

ஆனால் ஓர் ஆள் எடை உள்ள மீனைத் தூண்டிலில் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் புழுவைத் தேடி மண்ணைக் கிளறுவதில்லை. மரத்திலோ தகட்டிலோ ஒரு பொய் மீனைச் செய்து, வர்ணம் பூசி, கண்கூட எழுதித் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இரை தேடும் பெரிய மீன் அதை நிஜம் என்று நம்பிப் பாய்கிறது. பொய்யைச் செய்து நிஜம் என்று நம்ப வைப்பது கதை எழுதுகிறவனின் தொழிலும் ஆகையால், இந்தப் பொய் மீன்களிடம் எனக்கு ஒரு சகோதர பாசம் உண்டு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற எஞ்சினீயர் ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். கர்நாடகத்தில் நீர்ப்பாசன இலாகாவில் இருந்த காலத்தில் காவிரியில் மாசீர் பிடித்தவர். மாசீரும் கெண்டை இனந்தான். ஆனால் மதகடிக் கெண்டையைப் பார்த்து அதை எடை போட்டுவிடக் கூடாது. 1946-ல் காவிரியின் உபநதியான கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு இருந்தது. நம் கணக்கில் சுமார் 54 கிலோ.

இப்போது அவர் மீன் பிடிப்பதில்லை. அந்தமான் கடலில் பெரிய பாறை மீனைத் தேடிப் போகும் பேரனுக்குத் தூண்டில்களைப் பூட்டிக் கொடுப்பதோடு சரி. "கடையில் வாங்கும்போதே எல்லாம் மாட்டித்தானே வருகிறது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வருகிறது, ஸார். அதைக் கழற்றிப் போடுவதுதான் முதல் வேலை" என்றார்.

பொய் மீனின் மூக்கில் ஒரு கண் உண்டு. நைலான் நரம்பு அதில் சேரும். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று. அவற்றில் முட்கள் தொங்கும். நல்ல தூண்டிலானால் மூக்கிலிருந்து வால் வரை மரத்துக்குள்ளே ஒரே கம்பி ஊடுருவிப் போகும். மீன் கடித்து மரமே பிளந்தாலும் நரம்பும் முள்ளும் பிரியா. கண்ணையும் முள்ளையும் சேர்ப்பது, சாவிக்கொத்து வளையம் போல இரண்டு சுற்றுச் சுற்றிய ஒரு சின்னக் கம்பி.

முள்ளை உடம்போடு அசையாமல் பொருத்திவிட்டால் என்ன? மீன் தலையை உதறும்போது அந்த மரத்துண்டே நெம்புகோலாகி முள்ளைப் பெயர்த்துவிடும். வளையத்தில் தொங்கும் முள் எந்தப் பக்கமும் திரும்பும்; அதை நெம்ப முடியாது. இரண்டு முட்களும் ஒன்றையொன்று எட்டவும் கூடாது, எட்டினால் பின்னிக்கொள்ளும். மெல்லிய முள் சுலபமாகத் தைக்கும், பெரிய மீனின் இழுப்பில் நிமிர்ந்துவிடும். தடித்த முள் நிமிராது, ஆனால் தைப்பதற்கு வலு வேண்டும். கனம் கூடினாலோ பொய் மீனின் நடையே கெட்டுவிடும். இத்தனையும் பார்த்தான பிறகு, ஒவ்வொரு முள்ளையும் கட்டை விரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்ப்பார். நகத்தில் பிடித்தால் சரி. வழுக்கினால் அரத்தை எடுப்பார்.

காபி கொண்டு வந்த அவர் மனைவி, "இதில் என்ன அதிசயம்? வைர மூக்குத்தி வாங்குகிறவர்கள் வைரத்தைத்தான் பார்க்கிறார்கள். திருகாணி தேய்ந்திருந்தால் வைரம் எங்கே நிற்கும்?" என்றார். எஞ்சினீயரின் அரை மணிப் பிரசங்கம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

இது நேற்றுப் பிறந்த ஞானமும் அல்ல. சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகத்தில் இருந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்று, நம் நாட்டுத் தூண்டில் கலையைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். மாசீரின் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. இருந்தாலும் அந்த வாயின் இறுக்கத்தில் சாதாரண முட்கள் நசுங்கிப் போகும் என்பது அவர் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஆகவே இன்னும் தடித்த முள், இன்னும் கெட்டியான வளையம் என்றே தலைமுறை தலைமுறையாகத் தேடினார்கள்.

எஞ்சினீயரும் அப்படித் தேடியவர்தான், ஒரு மாலை வரையில்.

"அரை மணி நேரம் இழுத்தது, ஸார். திடீரென்று நரம்பு தளர்ந்தது. சுருட்டிப் பார்த்தால் தகடு திரும்பி வந்தது, முள் வரவில்லை. வளையம் வாய் பிளந்து கிடந்தது."

"பெரிய மீன் தப்பிவிட்டதே என்று வருத்தமா?"

"தப்பியது அதன் பாக்கியம். மூன்று முனை முள் வாயில் தைத்தபடியே போயிற்றே! அதற்கப்புறம் அது எதைத் தின்றிருக்கும்?"

அன்றிலிருந்து அவர் வளையத்தின் கெட்டியைக் கூட்டினார். முள்ளின் பிடியைக் குறைத்தார். மூன்று முனை முள் போய் ஒற்றை முள் வந்தது. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருக்கும்; தைத்த முள்ளைக் கழலாமல் தடுப்பது அதுதான். அதையும் குறட்டால் நசுக்கிவிடுகிறார். அப்புறம் நரம்பைத் தொய்ய விடாமல் வைத்துக்கொள்வது பிடிக்கிறவனின் சாமர்த்தியம். தொய்ந்தால் மீன் உதறிவிட்டுப் போய்விடும். தொய்யாவிட்டால் கரை வரைக்கும் வரும். அங்கே ஒரு சுண்டு சுண்டினால் முள் கழன்றுவிடும். மீனும் ஆற்றுக்குத் திரும்பும்.

காவிரியின் திமில் மாசீருக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்று 2018-ல்தான் தீர்மானமாயிற்று. அதே வருஷம், அடியோடு அற்றுப் போகும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. அணைகளும், மணல் கொள்ளையும், வெடி வைத்து மீன் பிடிப்பதும் சேர்ந்து செய்த வேலை அது. இத்தனைக்கும் நடுவே ஒரு கிழவர் குறட்டால் முள்ளை நசுக்கி என்ன ஆகிவிடப் போகிறது? இதையும் நான் கேட்காமல் இல்லை.

"அணை கட்டும் இலாகாவில் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினவன் நான். அந்த மீன் குறைந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அணையை நான் இடிக்க முடியாது, முள்ளை நசுக்கலாம்" என்றார்.

போன மாதம் பேரன் அந்தமானிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். படத்தில் மீன் இல்லை. கலங்கிய நீரும், அதற்குள் மறையும் ஒரு வாலின் நுனியுந்தான். "இதற்கா இத்தனை செலவு?" என்று பாட்டி கேட்டார். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"வளையம் எப்படி இருக்கிறது என்று கேள்" என்றார்.

விரியவில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகுதான், ஆறிப் போயிருந்த காபியைக் கையில் எடுத்தார்.