பேர்ணில் ஒரு கூரை, யாழ்ப்பாணத்தில் ஒரு தெரு

பேர்ண் ஐரோப்பாபிளாற்ஸில் ரயிலால் இறங்கினால் கிட்டவே இருக்கிறது சமயங்களின் இல்லம். 2014 டிசம்பர் 14 இல் திறந்தார்கள். எங்கட ஞானலிங்கேச்சுரர் கோயில் அதற்குள்தான். முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளிவாசல், கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம், பௌத்தர்களுக்கும் துருக்கியிலிருந்து வந்த அலெவிகளுக்கும் தனித்தனி வழிபாட்டிடம். யூதர்கள், சீக்கியர்கள், பஹாய்கள் நிகழ்ச்சிகளில் சேர்ந்துகொள்கிறார்கள். பக்கத்தில் நெடுஞ்சாலைப் பாலம், அதே கட்டடத்தில் கடைகளும் வீடுகளும். கோயிலுக்கேற்ற இடம் என்று ஊர்ப் பெரியவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள்!

எல்லா மதமும் ஒன்று என்று பொதுவாகப் பேசிவிட்டுக் கலைகிற கூட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இங்கே அப்படிக் கலக்கவில்லை. அவரவர் அவரவர் முறைப்படிதான் கும்பிடுகிறார்கள். எங்கட பக்கத்தில் தமிழில் பூசை நடக்கிறது, பெண்களும் செய்கிறார்கள். ஆனால் மேளம் அடிக்கிற நேரமும் தொழுகை நேரமும் மோதாமல் பார்க்கவேண்டும், நடுவிலுள்ள பொது மண்டபத்தை யாருக்கு எப்போது என்று பேசி முடிக்கவேண்டும். விளங்கிக்கொள்ளுதல் என்பது பாதிக்குமேல் இந்த மாதிரிச் சில்லறை வேலைதான் என்பது என் எண்ணம்.

இதே நாட்டில்தான் 2009 நவம்பர் 29 இல் வாக்களித்தவர்களில் 57.5 வீதமானோர் புதிய மினாரா கட்டக்கூடாது என்றார்கள். ஐந்து வருடத்தில் அதே நாட்டின் தலைநகரில் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

இனி எங்கட கதைக்கு வருவோம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 இற்கும் அதிகமானோர் போனார்கள். அதற்கு முன் ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் சொன்னார். ஆனாலும் புலம்பெயர் மேடைகளில் இதை எடுத்தால் இன்றைக்கும் முகங்கள் மாறும். "இப்ப ஏன் அதைக் கிளறுறியள்?" என்பார்கள். 83 ஐ மட்டும் கிளறலாமாக்கும்.

பேர்ணில் பக்கத்து அறையில் தொழுகிறவர்களில் பெரும்பாலானோர் அல்பேனிய மொழி பேசுபவர்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பழைய கணக்கு எதுவும் இல்லை, அதனால் சுகமாகச் சிரிக்கலாம். பௌத்தர் அறையைத் தாண்டிப்போகும்போது அவ்வளவு சுகமில்லை. புத்தரைக் கண்டால் ஆமிக்காம்ப் வாசலில் வைத்த சிலைதான் எங்களில் பலருக்கு ஞாபகம் வரும். அப்படியிருந்தும் எங்கட சனம் அந்த வாசலால் போய்வருகிறது, வணக்கமும் சொல்கிறது.

அதே சனம் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறது. நல்லூருக்குப் போகிறது, மடுவுக்கும் போகிறது. நாவலர் வீதிப் பக்கம் சோனகத்தெருவில் திரும்பிவந்து குடியிருக்கிற சில குடும்பங்களின் வாசலுக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள்? அங்கே தமிழிலேயே கதைக்கலாம், டொச்சும் தேவையில்லை.