மல்லி கடைசியாத்தான்

அட்டன் என்று சொன்னாலே கம்பஸில், "அப்ப நல்ல தேயிலை கொண்டு வாங்க" என்பார்கள். போன லீவு முடிந்து நாங்கள் கொண்டுபோனது கோப்பித்தூள்.

லயத்துக்குப் பின்னால் அப்பாயி நட்ட மூன்று கோப்பி மரம் நிற்கிறது. பழத்தைக் காயவைத்து, இடித்து, தோல் போக்க வேண்டும். ஒரு சுண்டு கொட்டைக்குக் கால் சுண்டு மல்லி, ஒரு துண்டு வேர்க்கொம்பு, பத்து மிளகு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வறுத்து முதல் சட்டியைக் கெடுத்தோம். கொட்டை கறுக்கிறதுக்குள்ள மல்லி கருகிப் போச்சு.

"மல்லி கடைசியாத்தான் புள்ளைகளா, தனியா வறுக்கணும்" என்றார் அப்பாயி. அவரால் இப்போது உலக்கை தூக்க முடியாது. இஸ்தோப்பில் இருந்தபடி வாசத்தை வைத்தே பதம் சொல்கிறார். மழையில் நனைந்து கொழுந்து எடுத்து வந்த காலத்தில் அவருக்கு இதுதான் மருந்து. உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்பாராம்.

எங்கள் ஆட்களை முதலில் கூட்டி வந்ததே கோப்பிக்குத்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருசத்துக்குள்ள கோப்பி மலைகள் பெரும்பாலும் தேயிலையாச்சு. இதையெல்லாம் வகுப்பில் படித்தபோது பின்வாசல் மரம் ஞாபகத்துக்கே வரவில்லை.

மரம் அப்பாயி நட்டது, நிலம் தோட்டத்துடையது. எங்களிடம் உறுதி இல்லை. அந்தப் பக்கம் வேலி போடப் போவதாகப் பேச்சு. சிவந்த பழம் ஒரு பிடியைத் தோல் நீக்கி மணல் பையில் ஊன்றினோம். நாலஞ்சு முளைத்திருக்கு. எங்கே நடுவதென்றுதான் தெரியவில்லை.