மாடி ஓனருடையது, சூடு நம்முடையது

வீட்டில் கரண்டை மிச்சப்படுத்தச் சொல்கிறவர்கள் எல்லாம் வீட்டுக்காரரிடம்தான் பேசுகிறார்கள். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் மேல்மாடியில் வேகிறவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். பில் அவர்களுடையது, மொட்டைமாடி ஓனருடையது.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பதினோரு மணிக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். டெல்லியில் ஏர் கூலர் வைத்துச் சமாளிக்கலாம். சென்னையில் வியர்வையே காயாது, கூலர் இன்னும் கொஞ்சம் ஈரத்தைத்தான் சேர்க்கும். அதனால் வெயிலை மாடியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட், அதற்குக் காசில்லையென்றால் பசை கலந்த சுண்ணாம்பு. ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். மார்ச்சில் மறுபடி அடிக்கணும்.

இரண்டு வருஷமாக மார்ச் மாதம் இதைச் சொல்லிக்கொண்டு படியேறுகிறேன். கீழ்த்தளத்தில் இருக்கும் ஓனர்களுக்கு நான் சொல்லும் சூடு புரிவதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்பார்கள். பொய்யில்லை, அவர்கள் தலைக்கு மேல் இன்னொரு வீடு இருக்கிறது.

ஃபேன் கதை சுலபம். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 28 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 42 யூனிட் குறையும். அரசு தரும் இலவச யூனிட் பல வாடகை வீடுகளுக்கு வந்து சேர்வதே இல்லை. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஓனரே வாங்கிக்கொள்வார். (இதைப் பற்றித் தனியாகத் திட்டி எழுதணும்.) அந்தக் கணக்கில் 3,000 ரூபாய் ஃபேன் ஒன்றரை வருஷத்தில் காசை எடுத்துவிடும்.

மேல்வீட்டு அம்மா ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மாடி நல்லாயிட்டா வாடகைய ஏத்துவாங்களே தம்பி. ஏத்த மாட்டேன்னு எழுதித் தருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

பாதிச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள அந்த ஓனர் ஒப்புக்கொண்டிருந்தார். எழுதித் தருவீர்களா என்றதும் சிரித்தார். "பதினோரு மாச அக்ரிமெண்ட்ல அதெல்லாம் எப்படி சார்? வாயால சொல்றேன், போதாதா?"

அந்தம்மா ஃபேன் மட்டும் மாற்றிக்கொண்டார். வீடு காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாமா என்று எலக்ட்ரீஷியனிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான்.