எந்த ஊர்?

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிரெஞ்சு பேசும் பயணிகளுக்கு கைடாக இருக்கிறேன். மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை, தேக்கடி, கடைசியில் கேரளத்துப் படகுவீடு. தொடக்கத்தில் என் வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் இந்தப் பாதைக்காகவே வந்தவர்கள். அருச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தின் முன் நின்று வாதாடுவார்கள். பல்லவர் வரிசையைத் தடுமாறாமல் சொன்னால் போதும். பிறகு யோகாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் வந்தார்கள்.

இப்போது நான் அதிகம் காத்திருப்பது ரியூனியன் தீவுக்காரர்களுக்காக. அங்கே 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. தமிழ் தெரியாது. குடும்பப் பெயரில் மட்டும் ஒரு முத்துசாமி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒட்டிக்கொண்டிருப்பார். விசாவில் சுற்றுலா என்றுதான் இருக்கும்.

முதல் நாள் அவர்களுக்கு நான் கோயில் காட்டுவதில்லை. கப்பலேறிய மூதாதையரின் ஊர் எழுதிய பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்திருப்பார்கள்; அதைக் கேட்டு வாங்குவேன். எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ழகரம் இருக்காது, ஈற்று உகரம் விழுந்திருக்கும். தரங்கம்பாடியே ‘த்ரான்கெபார்’ ஆனது என்றால் சிற்றூர்கள் என்ன பாடுபட்டிருக்கும்! பிரெஞ்சு வாயால் நாலு முறை, தஞ்சாவூர் வாயால் நாலு முறை சொல்லிப் பார்ப்பேன். ஆலங்குடி என்று பிடிபட்டாலும், திருவாரூர்ப் பக்கத்து ஆலங்குடியா, புதுக்கோட்டை ஆலங்குடியா? தாலுகா பொருந்தாமல் ‘இதுதான் உங்கள் ஊர்’ என்று சொல்வதில்லை. ஒருமுறை, அழுதுகொண்டிருந்தவரைத் தேற்ற அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் அந்த மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு போனார். இன்றும் அது உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் வந்தார். அவருடைய நகலில் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் மைக்கறை. ஊர் வேண்டாம், ‘பாந்தியலே’யைப் பார்க்க வேண்டும் என்றார். தம் அப்பா பதினெட்டு நாள் விரதமிருந்து அவளுக்காகத் தீயில் நடப்பாராம். தீ என்றதும்தான் எனக்கு விளங்கியது: பாஞ்சாலி!

கடலூர்ப் பக்கம் ஒரு சின்னத் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனேன். நடை சாத்தியிருந்தது. பூசாரியின் மனைவி சாவியோடு வருவதற்குள், அம்மையார் வெளியே வெற்றுத் திடலில் நடந்து, தீக்குழி இங்கே, பால்குழி அந்த முனையில் என்று எனக்குக் கைநீட்டிக் காட்டினார். கோடையில் குழி வெட்டுகிற இடம் அதேதான் என்று சாவியோடு வந்தவர் வியந்துபோனார்.

“சார், அம்மா எந்த ஊரு?”

பிரெஞ்சில் மாற்றிச் சொன்னேன். அவர் பையைத் திறந்து, மைக்கறை படிந்த அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பூசாரியின் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.