சொன்னவர் யார்?

ஹதீதுக் கலையில் அறிவிப்பாளர்களைத் தரம் பிரிக்கும் பாடம் வரும்போது நாம் சற்றுக் கூடுதலாகவே தங்கிவிடுவதுண்டு. இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்றால், இருவரும் சந்தித்தது மெய்தானா என்று துருவிய இமாம்களின் உழைப்பு அத்தகையது. அவ்வுழைப்பின் சாயலை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துத் தொலைக்காட்சி நிருபர் ஒருவரின் வரலாற்றில் படித்தபோது திகைத்தோம்.

அன்னா வெர்னர் என்பது அவ்வம்மையாரின் பெயர். ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை உரிந்து, ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் கவிழ்ந்து உயிர்கள் பலியாவதை, 2000 பிப்ரவரியில் கே.எச்.ஓ.யு. நிலையத்தின் வாயிலாக வெளியிட்டார். டயர் நிறுவனம் கண்டனக் கடிதம் அனுப்பிற்று. பெரிய நிறுவனங்கள் இதில் சளைத்ததுண்டா? நிலையத்தார் பின்வாங்கினாரில்லை. மே மாதம் அரசு விசாரணை தொடங்கிற்று. ஆகஸ்டில் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன.

2002இல் அவரும் குழுவினரும் ஹூஸ்டன் காவல்துறையின் ஆய்வுக்கூடத்தைத் துருவினர். அங்கு எழுதப்பட்ட டி.என்.ஏ. அறிக்கைகளை வெளி வல்லுநரிடம் காட்டினர். பிழைகள் மலிந்திருந்தன. அத்தகைய அறிக்கையொன்றை நம்பி 25 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்ட இளைஞன், கைதானபோது 16 வயதுச் சிறுவன். மறுசோதனை அவனுக்குச் சாதகமாக அமைய, 2003 மார்ச்சில் விடுதலையானான். நாலரை ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்னா வெர்னர் பின்னாளில் சி.பி.எஸ். என்னும் தேசிய நிறுவனத்தின் நிருபரானார்.

நம்மை உறுத்தியது அந்த முத்திரையிட்ட தாள்தான். நீதிமன்றமே அதை நம்பிற்று. முஹத்திதுகளோ, பேணுதல் மிக்க நல்லடியாராயினும் நினைவாற்றல் குன்றியவரெனின் அவர் அறிவிப்பை ஒதுக்கினர்.

இதை ஆண்டுதோறும் போதிக்கும் நாம் செய்தது என்ன? மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர், மதரஸாவுக்குத் திரட்டிய பணத்தில் இன்னார் கை வைத்தார் என்றார். நல்லவர் வாயால் வந்ததாயிற்றே என்று மேலும் இருவரிடம் சொன்னோம். மூன்று மாதத்தில் கணக்குச் சரியாயிற்று. தவறு எழுதியவரின் கூட்டலில் இருந்தது. நாம் அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கோரினோம். ஸலாமுக்குப் பதிலுரைத்தார், தேநீரும் தந்தார். ஆயினும் அவர்தம் மகன் மறுநாளும் நம் வகுப்புக்கு வரவில்லை, அதன்பின் வரவேயில்லை.